பிடிவி நன்றாக இருக்கிறது, இடிக்கு மட்டும் தாங்கவில்லையா? மின்மாற்றி எண்ணெயில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது

ஏப்ரலிலும் அக்டோபர் கடைசியிலும் சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுக்கும், இடி இறங்கும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். மறுநாள் காலை எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, நேற்று இடியில டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆயிடுச்சு. பிடிவி எடுத்தோம், 68 வருது. எண்ணெய் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன்?"

பிடிவி, அதாவது சாதாரண 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எண்ணெய் எந்தக் கிலோவோல்ட்டில் (கேவி) உடைகிறது என்ற எண், இடியைப் பற்றிக் கிட்டத்தட்ட எதுவும் சொல்லாது. எண்ணெயில் ஈரமும் நாரும் தூசியும் எவ்வளவு என்று சொல்லும், அது முக்கியம்தான். ஆனால் இடி அலை வரும்போது எண்ணெய்க்குள் நடப்பது வேறு கதை. அதைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்வி போதும்: எவ்வளவு நேரம் கிடைத்தது? கூர்மையான முனை எந்தத் துருவத்தில் இருந்தது? கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் இந்த இரண்டுக்குத்தான் திரும்பத் திரும்ப வருவேன், டேங்கைத் திறப்பதற்கு முன்னால் நீங்களும் இதைத்தான் கேட்க வேண்டும்.

பிடிவி 60, 70 என்று வருகிறது, ஆனால் இம்பல்ஸ் சோதனையில் உடைந்துவிட்டது

இம்பல்ஸ் சோதனை என்பது இடியைப் போன்ற செயற்கை மின் அலையை அடித்துப் பார்ப்பது. முதலில் நேரக் கணக்கு. ஐஈசி 60156 என்ற சர்வதேசத் தர முறையில் பிடிவி எடுக்கும்போது இரண்டு மின்முனைகளுக்கு நடுவே 2.5 மிமீ இடைவெளி, மின்னழுத்தம் வினாடிக்கு 2 கேவி வீதம் ஏறும். 60 கேவிக்குப் போக அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடத்தில், ஈரம் குடித்த ஒரு காகித நார் மிதந்து வந்து, மின்புலத்தில் நீளவாக்கில் திரும்பி, இன்னொரு நாருடன் சேர்ந்து, அந்த 2.5 மிமீக்குப் பாலம் போட்டுவிடும். கண்ணாடிச் செல்லில் விளக்கடித்துப் பார்த்தால் சில சமயம் கண்ணுக்கே தெரியும், மெல்லிய நூல் ஒன்று நடுவில் நின்று லேசாக ஆடும், அடுத்த நொடி பட்டென்று பொறி.

இடி அலை இப்படி நேரம் கொடுப்பதில்லை. சோதனைக்கூடத்தில் நாம் தருவது 1.2/50 அலை, 1.2 மைக்ரோவினாடியில் உச்சிக்கு ஏறி 50 மைக்ரோவினாடியில் பாதியாக இறங்கிவிடும். அந்த நார் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால்கூட, 50 மைக்ரோவினாடியில் நகர்வது 0.05 மிமீ, ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. அதனால்தான் ஈரமும் தூசியும் பிடிவியை அடியோடு சாய்க்கும், இம்பல்ஸ் எண்ணை அந்த அளவுக்கு அசைக்காது.

இதிலிருந்து வரும் நடைமுறை விஷயம்: இம்பல்ஸில் உடைந்த மின்மாற்றிக்கு எண்ணெயை வடிகட்டி, வெற்றிடத்தில் காயவைத்து, மறுபடி ஊற்றி, மறுபடி அடித்துப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. மூன்று நாள் வடிகட்டி பிடிவியை 55லிருந்து 75க்கு ஏற்றி, அதே இடத்தில் மறுபடி உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் காரணம், டேப்புக்கு, அதாவது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கச் சுருளில் எடுக்கும் இணைப்புக்கு, போகும் ஒரு வயரின் கிரிம்ப் முனையில் அரத்தால் தேய்க்காமல் விட்ட ஒரு பிசிறு. விரல் நுனியை வைத்துத் தடவினால் குத்தும், கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் என்னவோ நல்ல எண்ணெய்தான்.

ஆகவே தேட வேண்டியது இதை: கூர் முனை, பிசிறு, கழன்ற ஷீல்டு, எண்ணெய்ப் பாதையாக நீண்டு போகும் இடைவெளி, காகிதம் சரியாகச் சுற்றாத வளைவு, எங்காவது மாட்டிக்கொண்ட குமிழி. குமிழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாயுவின் மின்கடவாப் பண்பு (பெர்மிட்டிவிட்டி, இது குறைந்த இடத்தில் புலம் கூடும்) 1, கனிம எண்ணெய்க்கு 2.2, எனவே குமிழிக்குள் புலம் சுற்றியுள்ள எண்ணெயைவிட அதிகம். தாங்கும் சக்தியோ காற்றுக்கு மிமீக்கு 3 கேவிதான். நார் நகர்ந்து வர நேரம் வேண்டும், குமிழி இருந்த இடத்திலேயே வேலையைக் காட்டிவிடும். எண்ணெய் ஊற்றிய அன்றே அவசரப்பட்டு இம்பல்ஸ் அடிக்காதீர்கள், தயாரிப்பாளர் சொன்ன நிற்கும் நேரத்தைக் கொடுங்கள்.

இதைத் தலைகீழாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிவி 25தான் வருகிறது, ஆனால் இம்பல்ஸ் தாங்கிவிட்டது என்றால் அந்த மின்மாற்றியை லைனில் போடலாம் என்று அர்த்தமில்லை. இடி எப்போதாவது வரும், 50 ஹெர்ட்ஸ் இரவும் பகலும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

ஊசி-கோளச் சோதனையில் ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வோர் எண் வருகிறது

எண்ணெயை மட்டும் தனியாக இம்பல்ஸில் சோதிக்க ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் கோளம், நடுவில் 25 மிமீ என்ற அமைப்பைத்தான் பயன்படுத்துகிறோம். 150, 190, 140, 205 என்று எண் குதித்தால் பயப்பட வேண்டாம், முதலில் ஊசியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புது ஊசியின் முனை ஆரம் சில பத்து மைக்ரோமீட்டர்தான். ஒரே ஒரு முறிவு போதும், முனை உருகி ஒரு சின்ன உருண்டையாகிவிடும், சில சமயம் பக்கவாட்டில் வளைந்தும் இருக்கும். அதற்கப்புறம் நீங்கள் சோதிப்பது வேறு ஓர் இடைவெளியை. நான் ஒவ்வொரு முறிவுக்கும் ஊசியை மாற்றுகிறேன், ஊசி விலையைப் பார்த்தால் நாள் முழுக்க வீணாகும்.

கை உள்ளே போவதற்கு முன், இம்பல்ஸ் ஜெனரேட்டரின் கொள்ளளவிகள் (கெபாசிட்டர்கள்) எல்லாவற்றையும் எர்த் கம்பியால் தொட்டு, கம்பியை அங்கேயே மாட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தானாக எர்த் ஆகும் ஸ்விட்ச் இருக்கிறதே என்று நம்பிப் போகிற தம்பிகளை நான் கூண்டுக்குள் விடுவதில்லை.

ஊசி புதிதாக இருந்தும் சிதறினால், அடிகளுக்கு நடுவே போதுமான நேரம் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள், உடைந்த இடத்தில் கரியும் குமிழியும் மேலே போக நேரம் வேண்டும். அப்புறமும் கொஞ்சம் சிதறல் இருக்கும். அது எண்ணெயின் இயல்பு, முறிவு எப்போதும் நிகழ்தகவு விஷயம். பிடிக்காத எண்ணை நீக்கிவிட்டுச் சராசரி போடாதீர்கள்.

எண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, எல்லா அடியிலும் ஒரே மாதிரிக் குறைவு

சிதறாமல் ஒரே சீராகக் குறைந்தால் எண்ணெயைச் சந்தேகிக்காதீர்கள், துருவத்தைச் சந்தேகியுங்கள்.

ஊசி எதிர்த்துருவமாக இருக்கும்போது அதிலிருந்து கிளம்பும் ஸ்ட்ரீமர், அதாவது எண்ணெய்க்குள் ஓடும் மின்னிழை, புதர் மாதிரி அடர்ந்து, மெதுவாக முன்னேறும். ஊசி நேர்த்துருவமானால் அது மெல்லிய நீண்ட இழைகளாக, மரக்கிளை மாதிரி, வேகமாக எதிர்ப்பக்கம் ஓடும். அதே எண்ணெய், அதே 25 மிமீ, நேர்த்துருவத்தில் குறைந்த மின்னழுத்தத்திலேயே உடைந்துவிடும். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தரக் கணக்கில் புது கனிம எண்ணெய்க்குக் குறைந்தது 145 கேவி, தாவர எண்ணெயிலிருந்து வரும் இயற்கை எஸ்டருக்குக் குறைந்தது 130 கேவி என்று இருப்பது ஊசி எதிர்த்துருவமாக, கோளம் எர்த்தாக இருக்கும்போது. நேர்த்துருவ எண்ணை அதனுடன் ஒப்பிட்டு, நல்ல எண்ணெயைத் திருப்பி அனுப்பிய கதையும் உண்டு.

எங்கள் பக்கமே இது ஒருமுறை நடந்தது. முந்தின வாரம் வேறு வேலைக்காக, அலையின் துருவத்தைத் தீர்மானிக்கும் ரெக்டிஃபையரைத் திருப்பிப் போட்டிருந்தோம், மறந்துவிட்டோம். ஆஸிலோஸ்கோப்பில் அலை கீழ்நோக்கித்தான் தெரிந்தது, எனவே எதிர்த்துருவம் என்று எல்லாரும் நம்பினோம். அந்தச் சேனலில் இன்வர்ட் பொத்தான் அழுத்தியிருந்தது. திரையின் ஓரத்தில் சேனல் எண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் அடையாளம். பாதி நாள் போயிற்று. அன்றிலிருந்து முதல் அடிக்கு முன் ரெக்டிஃபையரை நேரில் போய்ப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் திரைப்பக்கம் வருகிறேன்.

முழு மின்மாற்றிக்கான சோதனையும் வழக்கமாக எதிர்த்துருவத்தில்தான் செய்யப்படுகிறது, வெளியே காற்றில் தாறுமாறாகப் பொறி பறக்காமல் இருக்க. அதற்காக உள்ளே நேர்த்துருவ அழுத்தமே வராது என்று நினைக்காதீர்கள். அலை சுருளுக்குள் நுழைந்ததும் அது அலைந்தாடும், உள்ளே சில இடங்களில் மாற்றி மாற்றி இரண்டு துருவமும் விழும்.

கனிம எண்ணெயை எடுத்துவிட்டு எஸ்டர் ஊற்றினோம், பிடிவி ஏறியது, இம்பல்ஸில் திடீரென்று உடைகிறது

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கட்டடத்துக்குள்ளேயும் அடித்தளத்திலும் மின்மாற்றி வைக்கிறோம், தீப்பிடிக்கும் புள்ளி 300 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்பதற்காகவே எஸ்டரைக் கேட்கிறார்கள். நியாயமான காரணம், நானே பலருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

எஸ்டரின் பிடிவி நம்மை ஏமாற்றும் விதம் இது. கனிம எண்ணெய் அறை வெப்பத்தில் 55, 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) தண்ணீரைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும், இயற்கை எஸ்டர் ஏறக்குறைய 1000 பிபிஎம். ஆக 30 பிபிஎம் ஈரம் என்றால் கனிம எண்ணெய்க்குப் பாதி நிறைந்த குடம், எஸ்டருக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர். பிடிவி எஸ்டரில் அசையாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். நம்மூர்க் காற்றில் இது பெரிய வசதிதான், ஆனால் இடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இடிக்குச் சம்பந்தமானது ஸ்ட்ரீமரின் வேகம். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற ஸ்ட்ரீமர் ஒரு கட்டம் வரை வினாடிக்கு 1 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓர் எல்லையைத் தாண்டினால் அது பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு, இன்னும் தாண்டினால் வினாடிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலே தாவும். அந்த எல்லையை முடுக்க மின்னழுத்தம் என்று சொல்லலாம். கனிம எண்ணெயில் முறிவு மின்னழுத்தத்துக்கும் இந்த எல்லைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. அதிலுள்ள அரோமாட்டிக் மூலக்கூறுகள் எளிதில் அயனியாகி, இழை பல கிளைகளாகப் பிரியும். கிளைகள் ஒன்றையொன்று மறைத்து முனையின் புலத்தைக் குறைத்துவிடும், வேகமும் அடங்கும். எஸ்டரில் அந்தப் பிரேக் இல்லை. முறிவும் முடுக்கமும் கிட்டத்தட்ட ஒட்டியே வருகின்றன, அதனால் நீண்ட இடைவெளியில், கூர் முனை இருக்கும் இடத்தில், எஸ்டர் கனிம எண்ணெயைவிட முன்னதாகவே விட்டுக்கொடுக்கும். இடைவெளி சின்னதாக, புலம் சீராக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் கேஸில் இதுதானா என்று திரையிலேயே கண்டுபிடிக்கலாம். அலை தொடங்கியதிலிருந்து சரிந்தது வரை எத்தனை மைக்ரோவினாடி என்று அளந்து, இடைவெளியை அதால் வகுங்கள். 25 மிமீ, 12 மைக்ரோவினாடி என்றால் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர், அதாவது சாதாரண ஸ்ட்ரீமர், அலையின் வாலில் சரிந்திருக்கும். அதே 25 மிமீயை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கக் கால் மைக்ரோவினாடி போதும், அலை உச்சிக்கு வரும் முன்பே, முகப்பிலேயே சரிந்துவிடும். ஸ்ட்ரீமர் கிளம்பத் தாமதம் கொஞ்சம் சேரும் என்பதால் இது சராசரி வேகம்தான், ஆனாலும் இரண்டு வகையையும் பிரித்துக்காட்ட இந்தக் கணக்கு போதும்.

முகப்பில் சரிந்தால் எஸ்டரை இன்னும் சுத்தம் செய்வதில் பயனில்லை. வடிவமைப்பைத்தான் தொட வேண்டும்: நீண்ட எண்ணெய் இடைவெளிகளைப் பிரெஸ்போர்டு (அழுத்திச் செய்த கெட்டி அட்டை) தடுப்பு வைத்து உடைப்பது, கூர் முனைகளுக்குக் காகிதம் சுற்றுவது, வளைவு ஆரத்தைக் கூட்டுவது. இன்னொன்றும் மாறியிருக்கிறது. எஸ்டரின் மின்கடவாப் பண்பு 3.2க்குப் பக்கம், எண்ணெய் ஊறிய பிரெஸ்போர்டு 4.4க்குப் பக்கம், எனவே எண்ணெய் இடைவெளியில் அழுத்தம் கொஞ்சம் இறங்கி, திடப் பொருளின் பங்கு ஏறுகிறது. பழைய காகிதம் ஏற்கெனவே நைந்து போயிருந்தால் இதைக் கணக்கில் எடுங்கள். 22 கேவி விநியோக மின்மாற்றிகளில் இடைவெளிகள் சின்னவை என்பதால் எஸ்டர் மாற்றுவதில் எனக்குப் பெரிய தயக்கமில்லை. 66 கேவியும் அதற்கு மேலும் என்றால் வரைபடத்தைப் பார்க்காமல், தயாரித்தவரைக் கேட்காமல் ஊற்றக் கூடாது.

எஸ்டர் கனிம எண்ணெயைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பானது என்பதையும் மறக்க வேண்டாம். குமிழி வெளியேற நேரமெடுக்கும், பிரெஸ்போர்டுக்குள் ஊறவும் நேரமெடுக்கும். கனிம எண்ணெய்க்கு எழுதிய நிற்கும் நேரத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

குறைந்த அலையும் முழு அலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை

இம்பல்ஸ் சோதனையில் முழு மின்னழுத்தத்தின் 50 முதல் 70 விழுக்காட்டில் ஒரு குறைந்த அலை, பிறகு முழு அலைகள், அளவு மாற்றி மேலே மேலே வைத்தால் கோடு பிசகாமல் உட்கார வேண்டும். உட்காரவில்லையா, எண்ணெயைப் பழி சொல்லுமுன் நியூட்ரல் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட்டின் இணைப்பையும் எர்த் பட்டையையும் இறுக்குங்கள், பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். மின்னழுத்த அலை சட்டென்று தரைக்குச் சரிந்தால் லைன் முனையிலோ புஷிங் பக்கமோ பெரிய முறிவு. மின்னழுத்தம் நன்றாக இருந்து, நியூட்ரல் மின்னோட்டத்தில் மட்டும் சில மைக்ரோவினாடி கழித்துச் சின்ன நெளிவு வந்தால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே, அல்லது டிஸ்க்குக்கும் டிஸ்க்குக்கும் நடுவே. டேப் சேஞ்சரில் நேர்கோடல்லாத மின்தடுப்பு இருந்தால் வித்தியாசம் நியாயமாகவே வரும், அப்போது நடுவில் பல அளவுகளில் அலை எடுத்து, மாற்றம் படிப்படியாக வருகிறதா என்று பாருங்கள். டேங்கருகே நிற்க முடியாது, ஆனால் ஒலிக்கருவி ஒட்டி வைத்தால் உள்ளே "டிக்" கேட்ட பக்கம் தெரியும்.

இடி மழைக்குப் பிறகு டிஜிஏயில் அசெட்டிலீன்

டிஜிஏ, அதாவது எண்ணெயில் கரைந்த வாயுவைப் பார்க்கும் சோதனையில் அசெட்டிலீன் தெரிந்தால் பொறி பறந்திருக்கிறது என்று பொருள், சரி. ஆனால் எப்போது பறந்தது, எங்கே பறந்தது என்பதை அது சொல்லாது. சிங்கப்பூரில் விநியோகக் கம்பிகள் எல்லாம் பூமிக்கடியில் கேபிளாகப் போகின்றன, தலைக்கு மேல் லைன் இருக்கும் ஊர்களைப் போல இடி நேராக மின்மாற்றியில் இறங்குவது இங்கே அபூர்வம். மழை நேரத்தில் பிரேக்கர் திறந்து மூடியதில் வந்த அலை கேபிளில் ஓடி, மின்மாற்றி முனையில் மோதித் திரும்பும்போது கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கலாம். வெற்றிட பிரேக்கர் இருக்கும் இடங்களில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆகவே பிரேக்கர் பதிவை முதலில் வாங்குங்கள், எத்தனை மணிக்கு எது திறந்தது என்று பாருங்கள்.

அப்புறம் டேப் சேஞ்சர் அறையிலிருந்து எண்ணெய் முதன்மை டேங்குக்குக் கசிகிறதா என்று பாருங்கள். அங்கே பொறி பறப்பது அன்றாட வேலை, அசெட்டிலீன் அங்கிருந்து வந்தால் சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டேங்கில் எப்போதாவது வெல்டிங் செய்தார்களா என்றும் பழைய ஆட்களிடம் விசாரியுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் மறுநாள் ஒரு மாதிரி, ஒரு வாரம் கழித்து ஒரு மாதிரி எடுங்கள். எண் அப்படியே நின்றால் அது நடந்து முடிந்த ஒரு பொறி. ஏறிக்கொண்டே போனால் உள்ளே இன்னும் பறக்கிறது, லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐஈசி 60599 விகிதங்களில் அசெட்டிலீனை எத்திலீனால் வகுத்தது 1க்கு மேல் வந்தால் சின்னப் பொறியின் பக்கம் சாயும், எத்திலீன் எத்தேனைப்போல் இருமடங்குக்கு மேல் போய், முதல் விகிதம் 0.6க்கும் 2.5க்கும் நடுவே இருந்தால் பலமான ஆர்க்கின் பக்கம் சாயும். இயற்கை எஸ்டரில் எத்தேன் கோளாறு இல்லாமலே தானாக ஊறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

திறந்து பார்த்தால் பிரெஸ்போர்டின் மேல் வெள்ளைக் கோடுகள்

கிளை விட்ட வெள்ளைக் கோடு என்றால் மின்பொறி மேற்பரப்பில் ஊர்ந்திருக்கிறது, அதன் சூட்டில் அந்த இடத்து எண்ணெயும் ஈரமும் வெளியேறி வெளுத்திருக்கிறது. கரியாகவில்லையே என்று துடைத்துவிட்டு மூடாதீர்கள். அந்தத் தகடு மாற்றப்பட வேண்டும், கோடு தொடங்கும் முனையில் என்ன கூர்மை இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஒரே மின்மாற்றி, காலை எடுத்த பிடிவி 70, மாலை எடுத்தது 38

எண்ணெய் ஒரு நாளில் கெடாது. பாட்டிலைப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஏர்கான் 22 டிகிரி, காலிப் பாட்டில்களை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தோம். வெளியே 31 டிகிரி, மழை பெய்து ஓய்ந்த காற்று. குளிர்ந்த பாட்டிலை அப்படியே வால்வடிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தால், மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி உட்சுவர் மங்கும். ஒரு தம்பி அதைச் சட்டை நுனியால் துடைத்தும் விட்டான், ஈரத்துடன் நூலும் சேர்ந்தது. அதுதான் மாலை எண்.

பாட்டிலை மூடியோடு வெளியே வைத்து, வெளிச்சுவரில் பனி காய்ந்து, கையில் எடுத்தால் குளிர் தெரியாத வரை பொறுங்கள். பிறகு வால்விலிருந்து முதலில் வரும் இரண்டு லிட்டரைத் தனி வாளியில் விட்டு, அதே எண்ணெயால் பாட்டிலை இரண்டு முறை அலசிக் கொட்டி, மூன்றாவது முறை விளிம்பு வரை நிரப்பி, அங்கேயே மூடுங்கள்.